ஆர்ப்பெஜியேட்டர் ஓடுது, ஆனா சின்த்துக்கு நோட்டு போகல. பம்பையோட சேரவும் மாட்டேங்குது. வழி சொல்லுங்க

காவேரிப்பட்டணத்துப் பெட்டி:

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்துல சின்னதா ஒரு டிடிபி கடை வச்சிருக்கேன். பகல் பூரா கல்யாணப் பத்திரிகை, பட்டா மாறுதல் மனு, திருவிழா நோட்டீஸ்னு டைப்பிங் ஓடும். ராத்திரி ஷட்டரை இறக்கினதும் அதே கம்ப்யூட்டர்ல பாட்டு வேலை. அப்பா தெருக்கூத்து ஜமாவுல முப்பது வருஷம் பெட்டி வாசிச்சவர். ஆர்மோனியத்தை எங்க வீட்ல பெட்டின்னுதான் சொல்லுவோம். இப்ப அவருக்கு விரல் மூட்டு வீங்கிடுது, ராத்திரி பூரா உக்காந்து வாசிக்க முடியல.

அப்பா மெட்டுப் போட்ட ஒரு அங்காளம்மன் பாட்டு இருக்கு. மாசி அமாவாசையில எங்க ஊர் மயானக்கொள்ளைக்கு முன்னாடி அதை ரெக்கார்டு பண்ணி முடிச்சாகணும். பம்பையும் குரலும் எடுத்தாச்சு. ஆத்தோரம் ஒரு மாந்தோப்பு கொட்டாயில கையடக்க ரெக்கார்டரை வச்சு எடுத்தோம். சுருதி அஞ்சு கட்டை. தாளம் மூணும் நாலுமா ஏழு. கிளிக், அதாவது வேகம் காட்டுற தட்டு, எதுவும் போடல. பம்பைக்காரர் காதுல ஹெட்போனை மாட்டிவிட்டா அவர் வாசிப்பே மாறிடுது.

போன வருஷமே இந்தப் பாட்டை ஒரு ஸ்டுடியோவுல கொடுத்தோம். எந்த ஊர், யாருன்னு சொல்ல விருப்பமில்ல. அவங்க பம்பையைத் துண்டு துண்டா வெட்டி, ஒரே வேகத்துக்கு நேராக்கி, மேல ஒரு ரெடிமேட் லூப்பைப் போட்டுக் கொடுத்தாங்க. அப்பா ஒரு தடவை கேட்டாரு. "இது யாரு வாசிச்சது?"ன்னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. அதனாலதான் இந்தத் தடவை நானே பண்றேன்.

இப்ப பிரச்சனைக்கு வர்றேன். ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ரீப்பர். பாட்டுக்கு அடியில பெட்டி ஓடுற மாதிரி ஒரு ஓட்டம் வேணும்னு இலவசமா கிடைக்கிற புளூஆர்ப் பிளக்-இன்னை இறக்கினேன். அது ஒரு ஆர்ப்பெஜியேட்டர், சுருக்கமா ஆர்ப். கார்டா, அதாவது சேர்த்து அமுக்கின கீகளை ஒவ்வொண்ணா வரிசையா ஓட விடும். சத்தம் கொடுக்குறது சின்த்.

ஒண்ணு, ஆர்ப்பைத் தனி டிராக்லயும் சின்த்தை வேற டிராக்லயும் போட்டிருக்கேன். ஆர்ப்புல கட்டம் கட்டமா விளக்கு ஓடுது, சத்தம் மட்டும் வரல.

ரெண்டு, அந்த டிராக்லயே சின்த்தையும் சேர்த்துப் போட்டப்போ சத்தம் வந்துச்சு, ஆனா நான் அமுக்கின கார்டு அப்படியே மொத்தமா கேக்குது, ஓட்டம் இல்ல. சாஃப்ட்வேரை நிறுத்தி வச்சுட்டு வெறும் கீயை அமுக்கினா ஆர்ப் அசையவே மாட்டேங்குது.

மூணு, இதுதான் தூக்கத்தைக் கெடுக்குது. ஒரு வழியா ஓட வச்சாலும் பம்பையோட சேரல. முதல் சுத்து சரியா இருக்கு, ரெண்டாவதுல வழுக்குது, அப்புறம் எங்கெங்கயோ போய்ட்டு திடீர்னு ஒரு இடத்துல சேருது, மறுபடி வழுக்குது. பம்பைக்காரர் வேகம் ஏறி இறங்குறதாலதான் இப்படின்னு நினைக்கிறேன். ஆனா அவரைக் குறை சொல்ல மனசு வரல. நாப்பது வருஷமா அந்தத் தோளுல பம்பை தொங்குது.

லேப்டாப் பழசு, எட்டு ஜிபி ராம். இதுக்குன்னு புதுசா எதுவும் வாங்குற நிலைமையில இல்ல.


ஓசூர் நைட் ஷிஃப்ட்:

வணக்கம்மா. ஷிஃப்ட் முடிஞ்சு இப்பதான் வீட்டுக்கு வந்தேன், பொறுமையா சொல்றேன்.

முதல்ல ஒண்ணை மனசுல வாங்கிக்குங்க. ஆர்ப்பெஜியேட்டர்லருந்து சத்தம் வராது, நோட்டுதான் வரும். எந்தக் கீ, எவ்வளவு அழுத்தம், எப்ப அமுக்கினது, எப்ப விட்டது, இந்த நாலு சேதிதான் உள்ள போகுது, அதே மாதிரி சேதிதான் வெளிய வருது. வெளிய வர்றதை வாங்கிக்க ஒரு சின்த் இல்லைன்னா விளக்கு எரியும், அவ்வளவுதான். உங்க முதல் பிரச்சனை இது. தனித்தனி டிராக்ல வைக்கிறது தப்பே இல்ல. ஆர்ப் டிராக்லருந்து சின்த் டிராக்குக்கு ஒரு சென்ட், அதாவது இணைப்பு, போடுங்க. அதுல ஆடியோவை 'நன்'னு வச்சுட்டு மிடியை, அதாவது இந்த நோட்டுச் சேதியை, மட்டும் 'ஆல்'னு விடுங்க.

ரெண்டாவது: ஒரே டிராக்ல ரெண்டையும் போட்டப்போ எது மேல இருந்துச்சு, எது கீழ இருந்துச்சுன்னு பாருங்க. ரீப்பர்ல எஃப்எக்ஸ் செயின், அதாவது டிராக்ல போட்ட பிளக்-இன் வரிசை, மேலருந்து கீழ ஓடுற வாய்க்கால் மாதிரி. சின்த் மேல இருந்தா அது உங்க கார்டை முதல்லயே குடிச்சிடும். அதுக்குக் கீழ ஆர்ப் என்ன பண்ணாலும் சின்த்துக்குத் தெரியாது. ஆர்ப் மேல, சின்த் கீழ. இழுத்து இடத்தை மாத்தினாலே போதும்.

நிறுத்தி வச்சா அசையலைங்கிறது கோளாறு இல்ல. நிறைய ஆர்ப் பிளக்-இன் நேரத்தைச் சொந்தமா எண்ணாது. பாட்டு இப்ப எத்தனாவது பார்ல, எத்தனாவது பீட்ல நிக்குதுன்னு சாஃப்ட்வேர் சொல்றதை வச்சுத்தான் ஓடும். பிளேயை அமுக்கிட்டு வாசிச்சுப் பாருங்க.

மூணாவதுக்கு ஒரு சோதனை சொல்றேன். பம்பை டிராக்கை மியூட் பண்ணுங்க. ரீப்பரோட மெட்ரோனோமை ஆன் பண்ணி, ஆர்ப்பையும் கிளிக்கையும் மட்டும் கேளுங்க. அப்பவும் வழுக்குதான்னு சொல்லுங்க. வழுக்கினா பம்பைக்காரருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.


காவேரிப்பட்டணத்துப் பெட்டி:

அண்ணா, ரொம்ப நன்றி. முதல் ரெண்டும் தீர்ந்துடுச்சு. சின்த்தை மேல வச்சிருந்தேன்.

சோதனையும் பண்ணேன். பம்பை இல்லாமலும் வழுக்குது! உக்காந்து எண்ணினேன். எட்டு சுத்து போய் ஒன்பதாவது சுத்து ஆரம்பிக்கிற இடத்துல சரியா சேருது. மறுபடி எட்டு சுத்து கழிச்சு சேருது. ஒவ்வொரு தடவையும் அதே எட்டு.


ஓசூர் நைட் ஷிஃப்ட்:

எண்ணிப் பார்த்தது நல்லதாப் போச்சு, காரணம் அந்த எட்டுலயே இருக்கு.

ப்ராஜெக்ட்டை ஏழு பை எட்டுல வச்சிருப்பீங்க. ஒரு சுத்துக்கு ஏழு அரை மாத்திரை, அதையும் ரெண்டா உடைச்சா பதினாலு படி. ஆர்ப்புல எத்தனை ஸ்டெப் இருக்குன்னு பாருங்க, பதினாறுன்னு இருக்கும். பதினாறு படி ஓட்டத்தைப் பதினாலு படி வீட்டுக்குள்ள வச்சா ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு படி வெளிய நீட்டும். அது நகர்ந்து நகர்ந்து பழைய இடத்துக்கு வர 112 படி ஆகும். 112ஐ பதினாலால வகுங்க, எட்டு வரும். உங்க எட்டு சுத்து அதுதான். ஸ்டெப் எண்ணிக்கையைப் பதினாலாக்குங்க, வழுக்கல் நின்னுடும்.

நாலு நாலா எண்ணுற பாட்டை மனசுல வச்சுத்தான் பெரும்பாலும் இந்தப் பிளக்-இன்களோட ஆரம்ப அமைப்பு இருக்கும். நம்ம தாளத்துக்கு முதல்ல தொட வேண்டிய இடம் ஸ்டெப் எண்ணிக்கை. அப்புறம்தான் மோடு, ஆக்டேவ் எல்லாம்.

இனி பம்பையோட நிஜமான ஏத்த இறக்கம். அதை வெட்டாதீங்க. பம்பையை நேராக்குறதுக்குப் பதிலா சாஃப்ட்வேரோட பார் கட்டத்தை வளைச்சிடலாம். முதல்ல பம்பை, குரல் ஆடியோ ஐட்டம்களோட டைம்பேஸை 'டைம்'னு மாத்துங்க. இதை மறந்தா டெம்போவைத் தொட்டவுடனே ஆடியோ இழுபடும், ஜாக்கிரதை. அப்புறம் ஒரு சுத்தோட முதல் அடியிலிருந்து அடுத்த சுத்தோட முதல் அடி வரைக்கும் செலக்ட் பண்ணி, 'கிரியேட் மெஷர் ஃப்ரம் டைம் செலக்ஷன்' கொடுங்க. அந்தச் சுத்துக்கு என்ன வேகமோ அதுவே அந்த பாரோட டெம்போ ஆயிடும். பாட்டு பூரா இப்படிப் பண்ணணும். எனக்கு ஒரு அஞ்சு நிமிஷப் பாட்டுக்கு ஒரு ராத்திரி ஆச்சு. ஆனா முடிஞ்சதும் ஆர்ப் சாஃப்ட்வேர் சொல்ற டெம்போவைத்தான் கேக்கும், டெம்போ பம்பைக்காரர் கையில இருக்கும். அவர் ஓடினா அதுவும் ஓடும், அவர் நின்னா நிக்கும்.


பென்னாகரம் பீட்ஸ்:

அக்கா, நான் பாட்டு பண்றது எஃப்எல் ஸ்டுடியோங்கிற சாஃப்ட்வேர்ல. உங்க பாட்டுக்கு மிக்ஸ் பண்ண ஆள் வேணும்னா சொல்லுங்க, எனக்கும் கூத்துன்னா உசுரு. எங்க ஊர்ல திருவிழாவுக்குக் கூத்து வச்சா விடிய விடிய முன்வரிசையில நான்தான் இருப்பேன்.

எஃப்எல்ல இதே பிளக்-இன்னைப் போடுறவங்களுக்காக எழுதி வைக்கிறேன். நானும் ஒரு வாரம் முட்டிக்கிட்டு நின்ன இடம் இது. எஃப்எல்ல ஆர்ப் ஒரு சேனல், சின்த் ஒரு சேனல். பிளக்-இன் ஜன்னல்ல பல்சக்கரக் குறியை அமுக்கினா ராப்பர் செட்டிங்ஸ் வரும். ஆர்ப்போட மிடி அவுட்புட் போர்ட்டுக்கு ஒரு நம்பர் கொடுங்க, அஞ்சுன்னு வைங்க. சின்த்தோட மிடி இன்புட் போர்ட்டுக்கும் அதே அஞ்சு. ரெண்டு நம்பரும் ஒண்ணா இருந்தாதான் பேசிக்கும். நோட்டை ஆர்ப் சேனல்ல எழுதணும், சின்த் சேனல் காலியா இருக்கணும். பேட்சர் தெரிஞ்சவங்க அதுக்குள்ள ரெண்டையும் போட்டு ஒயர் இழுத்துக்கலாம், கண்ணுக்குத் தெரியிறதால குழப்பம் குறைவு. சும்மா ஒரு மேல் கீழ் ஓட்டம் போதும்னா பிளக்-இன்னே வேண்டாம், பியானோ ரோல்ல கார்டை எழுதிட்டு ஆல்ட்டும் ஏ-யும் அமுக்கினா உள்ளேயே ஆர்ப்பெஜியேட்டர் இருக்கு.

ஒரே ஒரு விண்ணப்பம். எனக்கு அனுப்பும்போது ப்ராஜெக்ட் ஃபைலா அனுப்பாதீங்க.


சூளகிரி:

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட கியூபேஸ், தங்கச்சிகிட்ட ஆப்பிள் லேப்டாப்ல லாஜிக். வெளியாள் ஆர்ப் பிளக்-இன்னை இதுல எங்க போடுறது?


ஓசூர் நைட் ஷிஃப்ட்:

கியூபேஸ்ல ஆர்ப்பை ஒரு இன்ஸ்ட்ருமென்ட் மாதிரியே ஏத்துங்க. அப்புறம் சின்த் இருக்கிற டிராக்கோட மிடி இன்புட் பட்டியல்ல அந்த ஆர்ப்போட அவுட்புட் பேரு வந்திருக்கும், அதைத் தேர்ந்தெடுத்து மானிட்டரை ஆன் பண்ணுங்க. ஏபிள்டன் லைவும் கிட்டத்தட்ட இதே கதை. ஆர்ப் ஒரு மிடி டிராக், சின்த் இன்னொரு மிடி டிராக். ரெண்டாவதுல 'மிடி ஃப்ரம்' இடத்துல முதல் டிராக்கையும், கீழ்ப்பெட்டியில பிளக்-இன் பேரையும் வச்சு, மானிட்டரை 'இன்'னுல விடணும். லாஜிக்ல இன்ஸ்ட்ருமென்ட்டுக்கு மேலேயே மிடி எஃப்எக்ஸ்னு ஒரு தனி இடம் இருக்கு, அங்க போட்டா போதும். ஆனா லாஜிக் விஎஸ்டிங்கிற பிளக்-இன் வடிவத்தை எடுக்காது, ஆடியோ யூனிட் வடிவத்துல கிடைக்கிற பிளக்-இன்னா இருக்கணும்.


காவேரிப்பட்டணத்துப் பெட்டி:

பதினாலு ஸ்டெப் வச்சதும் வழுக்கல் நின்னுடுச்சு! டெம்போ மேப்பும் ரெண்டு ராத்திரியில முடிச்சேன். ஆரம்பத்துல 92, கடைசியில 101 வருது. நடுவுல ஒரு இடத்துல நாலே சுத்துல 96லருந்து 104க்கு ஏறி மறுபடி இறங்குது. அம்மன் பேரைச் சொல்லிக் கூப்பிடுற இடம் அது. போன வருஷம் அந்த ஸ்டுடியோவுல நேராக்கினது இதைத்தான்.

இப்ப வேற ஒண்ணு முளைச்சிருக்கு. அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். "தாளம் சரி, ராகம் சரியில்ல"ன்னாரு. பாட்டு பிலஹரி சாயல்ல இருக்காம். ஏறும்போது மத்தியமமும் நிஷாதமும் வராது, இறங்கும்போது வரும். நான் ஏழு ஸ்வரத்தையும் அமுக்கி ஆர்ப்பை அப்-டவுன்ல விட்டா ஏறும்போதும் ம, நி அடிக்குது. அஞ்சை மட்டும் அமுக்கினா இறங்கும்போதும் அது வர்றதில்ல, மோகனமா கேக்குது. அப்பா பெட்டியில ரெண்டு விரல்ல வாசிச்சுக் காட்டுறாரு, வீக்கத்தோட. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மோட் பட்டியல் பூரா தேடிட்டேன், ஏத்தம் ஒரு மாதிரி இறக்கம் ஒரு மாதிரி வைக்க எதுவும் கிடைக்கல.


அரூர் வாத்தியார்:

அம்மா, நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை. பேரன் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினான். இசை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் அப்பா சொன்னது முற்றிலும் சரி.

பிலஹரி 29ஆவது மேளமான தீரசங்கராபரணத்தில் பிறந்த ராகம். ஆரோகணம் ஸ ரி க ப த ஸ். மோகனத்தின் ஆரோகணமும் இதேதான், அதனால்தான் உங்களுக்கு மோகனமாகக் கேட்டது. அவரோகணம் ஸ நி த ப ம க ரி ஸ. இறங்கும் வழியில்தான் பிலஹரி தன் முகத்தைக் காட்டும்.

இப்போது விரல் விட்டு எண்ணுங்கள். ஆரோகணத்தில் மேல் ஷட்ஜத்தையும் சேர்த்து ஆறு. அவரோகணத்தில் இரண்டு ஷட்ஜத்தையும் சேர்த்து எட்டு. மொத்தம் பதினான்கு. உங்கள் தாளம் தகிட தகதிமி, மூன்றும் நான்கும். தகிடவை இரட்டித்தால் ஆறு, தகதிமியை இரட்டித்தால் எட்டு. ஆரோகணம் முழுவதும் தகிடவில் ஏறிவிடுகிறது, அவரோகணம் முழுவதும் தகதிமியில் இறங்கிவிடுகிறது. ஒரு ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் ஒரு சுற்றில், ராகம் ஒரு முறை ஏறி இறங்குகிறது. உங்கள் அப்பா ஏழு எண்ணிக்கை கொண்ட இந்த மிஸ்ரத்தில் பிலஹரியை வைத்தது சும்மா இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயந்திரத்தில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைப்பது, வராது என்று சிலர் உங்களைக் கலங்கடிக்கலாம். வராதுதான். பெட்டியிலும் வராது. அந்தக் காரணமும் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தள்ளி வைத்தது, 1971 வரை அந்தத் தடை தளரவில்லை. அத்தனை வருடமும் கூத்துக் களரியில் பெட்டி ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. கமகத்தைப் பாடுகிறவரின் குரல் பார்த்துக்கொள்ளும். அடியில் ஓடுகிற ஸ்வரங்கள் சுத்தமாக விழுந்தால் போதும்.


காவேரிப்பட்டணத்துப் பெட்டி:

ஐயா, உங்க பதிலை அப்பாவுக்குச் சத்தமா படிச்சேன். தொடையில தட்டி எண்ணிப் பார்த்தாரு. "எங்க வாத்தியார் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாரு, எண்ணிக்கை சொல்லல, கையில வச்சுட்டாரு"ன்னாரு. உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாரு.

ஓசூர் அண்ணா, இந்த ஆறும் எட்டும் ஆர்ப்புல எப்படி வைக்கிறது?


ஓசூர் நைட் ஷிஃப்ட்:

வாத்தியார் ஐயா பாதி வேலையை முடிச்சுட்டாரு. ஒரே ஆர்ப்பை ரெண்டு விதமா ஓட விடுறதை விட ரெண்டு ஆர்ப் போட்டுடுங்க.

'ஏத்தம்'னு ஒரு டிராக், மோடு அப். 'இறக்கம்'னு ஒரு டிராக், மோடு டவுன். ரெண்டுலயும் வேகம் பதினாறுல ஒண்ணு, ஆக்டேவ் ஒண்ணே ஒண்ணு. ரெண்டுலருந்தும் அதே சின்த் டிராக்குக்கு மிடி சென்ட். அஞ்சு கட்டைன்னா ஷட்ஜம் ஜி. ஏத்தத்துல ஜி, ஏ, பி, டி, இ, மேல் ஜின்னு ஆறு கீயையும் ஒரே கார்டா எழுதி, சுத்தோட முதல் மூணு அரை மாத்திரைக்கு நீட்டுங்க. இறக்கத்துல மேல் ஜி, எஃப் ஷார்ப், இ, டி, சி, பி, ஏ, கீழ் ஜின்னு எட்டு கீ, மீதி நாலு அரை மாத்திரைக்கு. அஞ்சு கீக்கு மேல வாங்கிக்காத ஆர்ப்பும் இருக்கு. எட்டையும் எடுக்குதான்னு முதல்ல பார்த்துக்குங்க, எடுக்கலன்னா இந்த வேலைக்கு மட்டும் வேற ஆர்ப் போட்டுக்கலாம்.

ரெண்டு இடத்துல கால் வழுக்கும். கார்டைச் சரியா அந்தக் கோடு வரைக்கும் நீட்டாம மயிரிழை முன்னாடி முடிங்க. தாண்டிப் போனா ஆர்ப் மறுபடி முதல் படியை ஒரு தடவை அடிச்சிடும். அப்புறம் ரீட்ரிக்கர், அதாவது புதுக் கார்டு விழுந்ததும் முதல் படியிலிருந்து ஆரம்பிக்கிறது, அது ஆன்ல இருக்கணும்.


காவேரிப்பட்டணத்துப் பெட்டி:

அண்ணா, முக்கால்வாசி வந்துடுச்சு. என்கிட்ட இருந்த ஆர்ப்புல அஞ்சு கீக்கு மேல ஓட வைக்க எனக்குத் தெரியல, அதனால வேற ஒரு இலவச ஆர்ப் போட்டேன். ஆனா மேல் ஷட்ஜம் மட்டும் விழுங்கிடுது. ஆறாவது படியில நல்லா கேக்குது, ஏழாவது படியில தொட்டவுடனே செத்துப்போகுது. கீழ் ஷட்ஜமும் அதே மாதிரி, சுத்து முடிஞ்சு அடுத்த சுத்து ஆரம்பிக்கிற இடத்துல. மத்த ஸ்வரம் எல்லாம் தெளிவா இருக்கு. ஒரு மணி நேரமா சின்த்தை மாத்தி மாத்திப் பார்த்துட்டேன்.


ஓசூர் நைட் ஷிஃப்ட்:

சின்த் மேல தப்பில்ல. ஏத்தத்தோட கடைசி நோட்டும் இறக்கத்தோட முதல் நோட்டும் ஒரே கீ. ஏத்த ஆர்ப் "ஜியை விட்டுட்டேன்"னு சொல்ற அதே நொடியில இறக்க ஆர்ப் "ஜியை அமுக்கிட்டேன்"னு சொல்லுது. சின்த்துக்கு ரெண்டு பேரு இருக்கிறது தெரியாது, அதுக்கு ஒரே ஒரு ஜி கீதான். அமுக்கினது முதல்ல வந்து, விட்டது பின்னாடி வந்தா, புதுசா எழுந்த நோட்டை அணைச்சிடும். கேட் அளவு, அதாவது ஒவ்வொரு நோட்டும் எவ்வளவு நேரம் நிக்கணுங்கிறது, நூறுல இருக்கும் பாருங்க. அதை 85க்கு இறக்குங்க. ஒவ்வொரு நோட்டும் கொஞ்சம் முன்னாடியே விட்டுடும், அடுத்த தட்டுக்கு இடம் கிடைக்கும்.

எல்லாம் சரியா இருக்குன்னு காதுக்குப் பட்டவுடனே அதை அப்படியே உறைய வச்சிடுங்க. ஏத்தம், இறக்கம் ரெண்டு டிராக்லயும் ஐட்டத்தைத் தேர்ந்தெடுத்து 'அப்ளை டிராக் எஃப்எக்ஸ்' கட்டளையில மிடி அவுட்புட் இருக்கிறதைக் கொடுங்க. ஆர்ப் வாசிச்ச ஒவ்வொரு நோட்டும் எழுத்தா வந்து நிக்கும். வந்தவுடனே ஆர்ப்பை பைபாஸ் பண்ணணும், அதாவது வேலை செய்யாம நிறுத்தணும். இல்லைன்னா எழுதின நோட்டையே மறுபடி ஆர்ப் மெல்லும்.

நான் ஆர்ப்பை இந்தக் கட்டம் வரைக்கும்தான் நம்புவேன். அது நாத்து நட்டுக் கொடுக்கும். களை எடுக்கிறதும் தண்ணி விடுறதும் நம்ம கைதான். ஒண்ணாவது படிக்கும் ஏழாவது படிக்கும் அழுத்தத்தை ஏத்துங்க, தகிடவும் தகதிமியும் பிறக்கிற இடம் அது ரெண்டும். மத்ததைக் கொஞ்சம் கொஞ்சம் ஏத்தி இறக்கி விடுங்க. எல்லாப் படியும் ஒரே அழுத்தத்துல இருந்தாதான் மிஷின் சத்தம் அடிக்கும்.


பென்னாகரம் பீட்ஸ்:

அக்கா, அண்ணன் சொன்ன இந்த உறைய வைக்கிற வேலைக்காகத்தான் ப்ராஜெக்ட் ஃபைல் வேண்டாம்னேன். உங்க ஆர்ப் என் சிஸ்டத்துல இல்லைன்னா ஒண்ணுமே ஓடாது. எழுதின மிடியை ஃபைலா எடுங்க. ரீப்பர்ல எக்ஸ்போர்ட் பண்ணும்போது டெம்போ மேப்பைச் சேர்க்கிற டிக் ஒண்ணு இருக்கு, அதைப் போடுங்க. அதோட பம்பை, குரல், சின்த் மூணையும் தனித்தனி வேவா, எல்லாம் பாட்டோட பூஜ்யத்துலருந்தே ஆரம்பிக்கிற மாதிரி எடுத்து அனுப்புங்க. எஃப்எல்ல டெம்போ மாறுறதை நான் ஆட்டோமேஷனாத்தான் வைக்கணும். வேவ் பூஜ்யத்துலருந்து இருந்தா அது தப்பினாலும் உங்க பம்பை தப்பாது.


காவேரிப்பட்டணத்துப் பெட்டி:

கேட் 85. மேல் ஷட்ஜம் ரெண்டு தட்டும் தனித்தனியா, பளிச்சுனு கேக்குது. அந்த ரெட்டைத் தட்டு கேக்கும்போதெல்லாம் அப்பா பெட்டியில மேல் கீயை ரெண்டு தடவை தொடுற மாதிரியே இருக்கு.

மிடியா மாத்தினேன், ஆர்ப்பை பைபாஸ் பண்ணேன், அழுத்தம் சரி பண்ணேன். சின்த்தை மட்டும் கழட்டிட்டேன். அப்பாவோட பெட்டியையே ஒவ்வொரு கீயா மைக்குல பதிஞ்சு சாம்ப்ளர்ல போட்டிருக்கேன். துருத்தி மூச்சு விடுற சத்தமும் லேசா வருது, அதை எடுக்கல.

நேத்து பம்பைக்காரர் கடைக்கு வந்தாரு, பேரனுக்கு ஸ்கூல் போட்டோ பிரிண்ட் போட. ஷட்டரைப் பாதி இறக்கிட்டு ஸ்பீக்கர்ல போட்டேன். நின்னுக்கிட்டே கேட்டாரு. மேசை மேல விரல் தானா அடிக்குது. அம்மனைக் கூப்பிடுற அந்த நாலு சுத்து வந்தப்போ பெட்டியும் அவரோட ஓடுச்சு, ஒரு படி கூட விலகல. "யாரு பெட்டி, அப்பாவா?"ன்னாரு. ஆமான்னு சொன்னேன். அப்பா கீ, அப்பா மெட்டு, அது பொய்யில்ல. அப்புறம் மெதுவா ஒண்ணு சொன்னாரு: "அந்தக் கூப்பிடுற இடத்துல மட்டும் பெட்டியை நிறுத்திடும்மா. அங்க நாங்க அம்மனோட தனியாப் பேசுவோம்."

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். "அங்க நான் என்னைக்கும் வாசிச்சதில்ல, உனக்குச் சொல்ல மறந்துட்டேன்"னாரு.

அந்த நாலு சுத்துல இருந்த 56 நோட்டையும் அழிச்சுட்டேன். தம்பி, மிடி ஃபைலும் மூணு வேவும் இப்ப ஏத்திட்டு இருக்கேன், நெட் மெதுவா இருக்கு, காலையில எடுத்துக்கோ.


பென்னாகரம் பீட்ஸ்:

வந்துடுச்சு அக்கா. மூணும் பூஜ்யத்துலருந்து சரியா உக்காருது. அந்த நாலு சுத்துல பம்பை மேல எந்த எஃபெக்ட்டும் போட மாட்டேன், எடுத்தது எடுத்தபடியே இருக்கட்டும்.